முதியோரும் மறைநூலும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியங்களும் மலையகக் கேள்வி மரபும்

ஐரோப்பிய ஓவிய வரலாற்றில், சிறப்பாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில், திரும்பத் திரும்ப வரையப்பட்ட காட்சிகளுள் ஒன்று முதியோர் மறைநூல் வாசிக்கும் காட்சியாகும். சன்னலோரம் ஓர் இருக்கை. பக்கவாட்டில் விழும் ஒளி. விரித்துவைத்த பெரிய நூல். அதன்மேற் குனிந்த நரைத்த தலை. சுருக்கம் விழுந்த கை. சில வேளைகளில் ஒரு மூக்குக் கண்ணாடி. நாடும் ஓவியரும் மாறினும் இவ்வமைப்புப் பெரிதும் மாறுவதில்லை. அரசர், போர், தெய்வம் ஆகியவற்றை விடுத்துச் சாதாரண மக்களின் நாளாந்த வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டவற்றை அன்றாட வாழ்வியல் ஓவியங்கள் எனலாம். அவ்வகையில் இக்காட்சி நிலைபெற்ற ஓர் உட்பிரிவாகவே வளர்ந்துள்ளது.

இவற்றைப் பக்தியின் படங்கள் என்றோ முதுமையின் படங்கள் என்றோ கூறி அமைவது பொதுவழக்கு. அவ்வாறு கூறி அமைவது போதுமா என்பது ஆராயத்தக்கது. இவ்வோவியங்கள் தீட்டப்பட்ட அதே பத்தாண்டுகளில் இலங்கையின் மத்திய மலைநாட்டில், தலவாக்கலையை உள்ளடக்கிய டிம்புள்ளைப் பிரதேசத்தில், தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பினால் கோப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தன. அங்கும் முதியோர் இருந்தனர். அங்கும் புனிதமாகப் போற்றப்பட்ட நூல்கள் இருந்தன. ஆயின் உலகம் அறிந்த மலையகப் படிமத்தில் நூலும் இல்லை, முதுமையும் இல்லை. இவ்வின்மையின் காரணத்தை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். மறைநூல் வாசிப்பு தனிமனித நற்பண்பு மட்டுமன்று. அது ஒரு சமுதாய ஏற்பாடுமாகும். அவ்வேற்பாட்டை மறந்து படத்தை மட்டும் போற்றுவோர், அத்தகைய படம் இல்லாத இடத்தில் அறிவும் இல்லையெனத் தவறாக முடிவுசெய்ய நேரும்.

ஓவிய மரபும் அதன் இரு வடிவங்களும்

இம்மரபின் மூலம் பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தில் உள்ளது. 1631இல் றெம்பிரான்ட் தீட்டிய, மூதாட்டி ஒருத்தி வாசிக்கும் ஓவியம் இதற்கு முதன்மைச் சான்று. அம்மூதாட்டி விவிலியத்தில் வரும் அன்னாள் என்னும் தீர்க்கதரிசினியாகலாம் என்பர். அதில் முகம் நிழலிலும் நூலும் அதன்மேற் படிந்த முதிய கையும் ஒளியிலும் அமைந்துள்ளன. ஏறத்தாழ அதே காலத்தில் அவருடைய மாணவரான கெரிற் டௌ வரைந்த மூதாட்டி, நீண்டகாலம் றெம்பிரான்டின் தாயெனவும், ஓவியமே றெம்பிரான்டின் படைப்பெனவும் கருதப்பட்டு வந்தாள். டௌவின் நுணுக்கம் எத்தகையதெனின், மூதாட்டி வாசிக்கும் பக்கத்தின் எழுத்துகளையும் பார்ப்போர் வாசித்தறியலாம். அது லூக்கா சுவிசேடத்தின் பத்தொன்பதாம் அதிகாரம். சகேயு என்பவன் தன் உடைமையிற் பாதியை ஏழைகளுக்கு அளிக்க முன்வரும் பகுதி. வாசிப்பவளோ விலையுயர்ந்த மென்மயிர் ஆடை உடுத்தவள். நூல் கூறுவதற்கும் வாசிப்பவரின் வாழ்நிலைக்கும் இடையிலுள்ள முரண் இம்மரபின் தொடக்கத்திலேயே காணப்படுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்காட்சி இரு வடிவங்களில் வளர்ந்தது. ஒன்று குடும்ப வாசிப்பு. மற்றது தனி வாசிப்பு. குடும்ப வாசிப்புக்குச் சிறந்த உதாரணம் ஸ்கொத்லாந்து ஓவியரான டேவிட் வில்கி 1837இல் தீட்டிய ஓவியம். றொபேட் பேர்ன்ஸ் 1786இல் வெளியிட்ட புகழ்பெற்ற கவிதையொன்றைத் தழுவியது அது. ஏழைக் குடியானவனின் குடிசையில் சனிக்கிழமை இரவு வாரத்து வேலை முடிந்து குடும்பம் கூடுகின்றது. தந்தை விவிலியத்தை எடுத்து வாசிக்கின்றான். மனைவியும் மக்களும் கேட்கின்றனர். வறுமையிலும் ஒழுக்கம் குன்றாத குடியானவன் என்னும் இலட்சிய வடிவம் இக்கவிதையாலும் ஓவியத்தாலும் ஸ்கொத்லாந்தின் தேசிய அடையாளங்களுள் ஒன்றாயிற்று.

தனி வாசிப்பு என்னும் வடிவத்தின் உச்சங்களுள் ஒன்றாக யேர்மானிய ஓவியரான வில்ஹெல்ம் லைபிளின் "தேவாலயத்தில் மூன்று பெண்கள்" என்னும் ஓவியத்தைக் கொள்ளலாம். பவேரியாவின் பேர்பிளிங் என்னும் சிற்றூரில் 1878 முதல் 1882 வரையான ஆண்டுகளில் அவ்வூர்ப் பெண்களையே முன்னிருத்தி இதனை அவர் தீட்டினார். வெவ்வேறு வயதினரான மூவர் மரச் செதுக்குவேலை கொண்ட ஆலய இருக்கையில் பிரார்த்தனையில் ஆழ்ந்துள்ளனர். பக்கத்துப் பக்கம் அமர்ந்திருப்பினும் ஒவ்வொருவரும் தனித்தே உள்ளனர். ஒருவரது வாசிப்பு மற்றவர் செவிக்கு எட்டாது. ஆடையின் நெசவும் கைநரம்பும் மரத்தின் வரையும் துல்லியமாகப் பதிவாகியுள்ள இவ்வோவியத்தில் ஓசை ஒன்றுதான் இல்லை.

இவ்விரு வடிவங்களையும் இணைப்பது போன்று அமைவது சுவிற்சர்லாந்து ஓவியரான அல்பேட் அங்கர் 1893இல் வரைந்த, பாட்டனாரின் பிரார்த்தனையைப் பொருளாகக் கொண்ட ஓவியமாகும். இறையியல் கற்று, பின்னர் அதனை விடுத்து ஓவியரானவர் அங்கர். பேர்ண் மாநிலத்து இன்ஸ் என்னும் தம் ஊரின் மக்களையே அவர் வாழ்நாள் முழுதும் வரைந்தார். இவ்வோவியத்தில் வாசிப்பவர் முதியவர் அல்லர். சிறுவனே வாசிக்கின்றான், பாட்டனார் கேட்கின்றார். பார்வை தளர்ந்த முதுமைக்கு இளமையின் கண் உதவுகின்றது. இது அன்பின் காட்சி மட்டுமன்று. ஒரு வரலாற்றுச் சான்றுமாகும். 1874ஆம் ஆண்டின் சுவிற்சர்லாந்து அரசியலமைப்பு ஆரம்பக் கல்வியைக் கட்டாயமானதாகவும் இலவசமானதாகவும் ஆக்கிற்று. அச்சிறுவனின் வாசிப்புக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமும் ஓர் அரசும் நிற்கின்றன.

அமைதியின் பின்னணி

இக்காட்சிகளில் விளங்கும் அமைதி இயல்பாகத் தோன்றியதன்று. அதற்கு ஐந்து ஏற்பாடுகள் தேவை: தாய்மொழியில் அச்சான மறைநூல், அதனை வாங்கும் வசதி, வாசிக்கக் கற்பித்த பள்ளி, தளர்ந்த கண்ணுக்கு ஒளியும் கண்ணாடியும், வேலையினின்று விடுபட்ட நேரம். ஐரோப்பாவிலும் இவை எல்லார்க்கும் ஒரே காலத்திற் கிடைத்தவை அல்ல. சமயச் சீர்திருத்தம், அச்சுத்தொழில், கட்டாயக் கல்வி ஆகியவற்றின் வழியே மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்தவை. ஓவியம் இவ்வைந்தையும் ஒரு முகத்தின் சாந்தமாக மாற்றிக் காட்டுகின்றது. வரலாற்றின் விளைவு தனிமனிதரின் குணமாகத் தோன்றுகின்றது.

இவற்றை வாங்கியோர் யாவர் என்பதும் மனங்கொள்ளற்பாலது. கிராமத்து முதியோர் தம் உருவத்தைத் தாமே விலைகொடுத்து வாங்கவில்லை. அங்கரின் ஓவியங்கள் பாரிசின் கூப்பில் வணிக நிறுவனத்தின் வழியே நகரத்துச் செல்வரைச் சென்றடைந்தன. தொழிற்சாலையும் புகையிரதமும் கிராம வாழ்வைக் குலைத்துக்கொண்டிருந்த காலத்தில், நகரத்து வரவேற்பறைச் சுவரிற் குலையாத கிராமம் ஒன்று தொங்கிற்று. 1859இல் டார்வினின் நூல் வெளிவந்த பின்னர் படித்தோரிடையே ஐயம் பெருகிய சூழலில், ஐயமறியாத முதியவரின் முகம் ஆறுதல் அளித்தது. எனவே இவ்வோவியங்கள் உள்ளதை உள்ளவாறு காட்டுவன என்பதிலும், இழந்துகொண்டிருந்ததைப் பேணிவைக்க முயன்றன என்பதே பொருந்தும்.

இவ்வுண்மையை மிக நேர்மையாக வெளியிட்டவர் வின்சென்ற் வான்கோ எனலாம். கூப்பில் நிறுவனத்திலேயே இளமையிற் பணிபுரிந்தவர் அவர். போதகரான தந்தை 1885 மார்ச்சில் இறந்தபின், அவ்வாண்டு ஒக்டோபரில் தந்தையின் விவிலியத்தை அவர் வரைந்தார். நூல் ஏசாயா ஐம்பத்து மூன்றாம் அதிகாரத்தில் விரிந்துள்ளது. அருகில் அணைந்த மெழுகுதிரி. முன்னால் எமிலி சோலாவின் நாவல் ஒன்று, பலமுறை புரட்டப்பட்ட தோற்றத்துடன். வாசிப்பவர் இல்லை. முதியவரின் இருக்கை வெறுமையாகிய பின்னர் எஞ்சிய நூலே ஓவியத்தின் பொருள். பிறர் மறைத்த இழப்பை இவர் வெளிப்படையாக வைத்தார்.

இதே காட்சி அடிமைத் தோட்டத்தின் சூழலில் முற்றிலும் வேறான பொருள் பெறுவதையும் நோக்குதல் வேண்டும். அமெரிக்க ஓவியரான ஈஸ்ட்மன் ஜோன்சன் 1863இல், அதாவது அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்த ஆண்டில், கறுப்பின மனிதர் ஒருவர் அடுப்பருகே அமர்ந்து விவிலியம் வாசிக்கும் காட்சியைத் தீட்டினார். அவர் முதியவர் அல்லர். ஆயினும் அமைப்பு அதே மரபினது. தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவித்தல் சட்டவிரோதமாக இருந்தது. அந்நிலையில் வாசிப்பு அடக்கத்தின் அடையாளமன்று; உரிமையின் அறிவிப்பு. ஒரே காட்சி பவேரியாவில் மரபின் நிலைபேற்றையும், அமெரிக்கத் தோட்டத்தில் மரபின் உடைவையும் குறிக்கின்றது. காட்சியின் பொருள் காட்சிக்கு வெளியே உள்ள சமுதாய உறவுகளாலேயே தீர்மானிக்கப்படுகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மலைநாட்டின் படிமம்

இவ்வெளிச்சத்தில் தலவாக்கலைப் பகுதியை நோக்கலாம். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. ஸ்கொத்லாந்தின் கின்கார்டின்சயரிலிருந்து 1852இல் இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துரையில் 1867இல் வணிக நோக்குடன் தொடங்கிய தேயிலைச் செய்கை அடுத்த இரு பத்தாண்டுகளில் மலைநாடெங்கும் பரவிற்று. புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவையும் அடைந்தது. லைபிள் தம் ஓவியத்தை முடித்ததும் தலவாக்கலையின் தோட்டங்கள் தேயிலைக்கு மாறியதும் ஏறக்குறைய ஒரே காலம்.

இத்தோட்டங்களை உருவாக்கிய துரைமாருட் கணிசமானோர் ஸ்கொத்லாந்தினர். தலவாக்கலையைச் சூழவுள்ள தோட்டங்களின் பெயர்களே இதற்குச் சான்று பகரும். ஹோலிரூட் என்பது எடின்பரோ நகரத்து மடாலயத்தினதும் அரண்மனையினதும் பெயர். குடிசையில் விவிலியம் வாசிக்கும் ஏழைக் குடியானவனைத் தம் தேசத்தின் பெருமையாகப் போற்றிய அதே சமுதாயத்தினர், இங்கே தம்கீழ் உழைத்த ஏழைக் குடியானவரைக் கண்டது செக்ரோலில் ஒரு பெயராகவும் பெரட்டுக் களத்தில் ஒரு தலையாகவுமே. தனிப்பட்ட துரைமாரின் நற்குணமோ தீக்குணமோ இதனை முடிவுசெய்யவில்லை. குடியானவன் ஒருவனை மனிதனாகக் காண்பதற்கும் உழைப்பாகக் காண்பதற்கும் இடையிலுள்ள தூரம், உற்பத்தி உறவினால் ஆகியது.

தோட்டத்திலிருந்து வெளியுலகுக்குச் சென்ற படிமம் கொழுந்து பறிக்கும் இளம்பெண்ணுடையது. ஸ்கீன், பிளாற்றே முதலிய புகைப்பட நிலையங்களின் படங்களும், 1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டனைப் போன்ற வணிகரின் விளம்பரங்களும் அப்படிமத்தை நிலைநாட்டின. கூடை, முக்காடு, பச்சை மலைச்சரிவு, புன்னகை. இப்படிமத்திற் காலம் நிற்கின்றது. பறிப்பவள் என்றும் முதுமையடைவதில்லை. அவள் கையில் கொழுந்து உண்டு, நூல் இல்லை.

இவ்விடத்து ஜூலியா மார்கரெட் கமரனின் உதாரணம் சிறப்பாக ஆராயத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞருள் ஒருவராகிய இவர், கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் சாள்ஸ் ஹே கமரனுடைய மனைவி. 1860களில் இங்கிலாந்தில் டெனிசன், ஹேர்ஷல், கார்லைல் முதலிய முதியோரைத் தீர்க்கதரிசிகளைப் போன்று ஒளியும் நிழலும் செறியப் படம்பிடித்தவர். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் மலைநாட்டிலேயே இறந்து, பொகவந்தலாவை ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இலங்கையில் அவர் எடுத்தவற்றுட் கிடைப்பன முப்பதுக்கும் குறைவான படங்களே. தோட்டத் தொழிலாளரும் கிராமத்தவரும் அவற்றில் இடம்பெறுகின்றனர். பெரும்பாலோர்க்குப் பெயர் இல்லை. 1878ஆம் ஆண்டுக்குரிய களுத்துறைப் படமொன்றின் குறிப்பு, அதிலுள்ள முதியவர் தமக்கு நூறு வயதெனக் கூறுவதாகத் தெரிவிக்கின்றது. வயது பதிவாயிற்று, பெயர் பதிவாகவில்லை. இங்கிலாந்தின் முதியவர் ஞானியாகப் படத்தில் அமைந்தார். இலங்கையின் முதியவர் வியப்புக்குரிய ஒரு மாதிரியாக அமைந்தார். கலைஞர் ஒருவரே, அவரது பரிவும் ஐயத்துக்கிடமின்றி வெளிப்படுகின்றது. ஆயினும் பரிவு மட்டும் படிமத்தை மாற்றப் போதுமானதன்று என்பதை இவ்வொப்பீடு உணர்த்தும்.

கேள்வி என்னும் வாசிப்பு

இனி, மலையகத்து முதியோர்க்கும் மறைநூலுக்கும் இருந்த உறவு எத்தகையது என்பதை நோக்குவோர் கண்ணைவிடச் செவியையே நம்புதல் வேண்டும். மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மலைநாடு வந்தோர் கொண்டுவந்தவற்றுட் கதையும் பாட்டும் முதன்மையானவை. மாரியம்மன் தாலாட்டு, இராம நாமப் பசனை, பாண்டவர் கதை, பொன்னர் சங்கர் கதை ஆகியவை ஏட்டிலன்றி நினைவிலே வந்தன. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் தோட்டங்களில் ஆண்டுதோறும் நிகழும் சடங்குகளாக வேரூன்றின. மார்கழி விடியற்காலைப் பசனை லயங்களைச் சுற்றிவந்தது.

அச்சு நூலும் வாராமலில்லை. 1835இல் இந்தியாவில் அச்சகக் கட்டுப்பாடு தளர்ந்ததன் பின்னர் சென்னையிற் பெருகிய மலிவுப் பதிப்புகளுள் "பெரிய எழுத்து" நூல்கள் தனியிடம் பெறுவன. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு மாலை முதலியன இவ்வரிசையில் வெளிவந்தன. பெரிய எழுத்து என்னும் பெயரே இவற்றின் வாசகர் யார் என்பதைக் கூறிவிடுகின்றது. அண்மையில் எழுத்துக்கூட்டக் கற்றவர், பார்வை மங்கிய முதியவர், மங்கலான விளக்கடியில் அமர்ந்தவர் ஆகியோர்க்காகக் கோக்கப்பட்ட எழுத்து அது. ஐரோப்பிய ஓவியத்தில் மூக்குக் கண்ணாடி செய்த வேலையைத் தமிழுலகில் அச்சுக்கோப்பவர் செய்தார் எனலாம்.

இந்நூல்கள் கண்டிப்பான பொருளில் மறைநூல்கள் அல்ல என்று கூறலாம். ஆயின் ஒரு நூலைப் புனிதமாக்குவது அதன் பெயரன்று. அதனை அணுகும் முறை. தமிழகத்துக் கிராமங்களில் மழை வேண்டி விராட பருவம் படிக்கும் வழக்கமும் திரௌபதி அம்மன் கோயில்களிற் பாரதம் படிக்கும் வழக்கமும் இவ்வணுகுமுறைக்குச் சான்றுகள். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நிகழும் கந்தபுராண படனத்தில் ஒருவர் செய்யுளைப் பாட, மற்றொருவர் பயன் சொல்ல, அடியார் கேட்பர். அங்கு வாசிப்பு ஒருவர் செயலன்று. பாடுவோர், பயன் சொல்வோர், கேட்போர் என மூவகையினர் கூடி நிறைவேற்றும் செயல். மலையகத்தில் இவ்வேற்பாடு புலமையின் துணையின்றி இன்னும் எளிய வடிவிற் செயற்பட்டது. எழுத்தறிந்த ஒருவர் குப்பி விளக்கின் அருகே இராகமிட்டுப் படிக்க, லயத்து இஸ்தோப்பிற் கூடியோர் கேட்டனர். கிறித்தவத் தொழிலாளரிடையேயும் நிலை பெரிதும் வேறன்று. 1854இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷனின் உபதேசிமார் தோட்டந்தோறும் சென்று வேதத்தைப் படித்துக் காட்டினர். அங்கும் நூல் முதலிற் செவிவழியே சென்றது.

திருக்குறள் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்பதற்குத் தனியதிகாரம் வகுத்துள்ளது. கல்லாதவர்க்கும் கேள்வி துணையாகும் என்பது அவ்வதிகாரக் கருத்துகளுள் ஒன்று. கல்விக்கும் கல்லாமைக்கும் அப்பால் மூன்றாவதொரு நிலை உண்டு என்னும் இத்தெளிவு, எழுத்தறிந்தோர், அறியாதோர் என மக்களை இருகூறாக்கும் குடிசன மதிப்பீட்டு அட்டவணையில் இல்லை. கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம் இட்ட முதியவர், பாண்டவரின் வனவாசத்தை நாளுக்கு நாள் தவறாது கூறவல்லவராக இருந்திருத்தல் கூடும். அட்டவணை அவரை அறியாதோர் பக்கத்தில் நிறுத்தும். ஓவிய மரபும் அதையே செய்யும். ஏனெனின் கையில் நூலின்றி, தலை குனியாது, சுவரிற் சாய்ந்து கண்மூடிக் கேட்கும் முதியவரை வாசகராகக் காட்ட அம்மரபில் வழி இல்லை. லைபிளின் ஓவியத்தில் ஓசை இல்லாமை குறையன்று; அவ்வாசிப்பின் இயல்பே அது. மலையகத்து வாசிப்பிலிருந்து ஓசையை நீக்கினாலோ எஞ்சுவது ஒன்றுமில்லை. அங்கரின் பாட்டனார் மட்டுமே இவ்விரு உலகங்களுக்கும் இடையில் அமர்ந்திருக்கின்றார்.

இலட்சியமயமாக்கலின் ஆபத்து

ஆயினும், ஐரோப்பிய ஓவியர் குடியானவனை இலட்சியமாக்கியது போன்று, இக்கேள்வி மரபையும் குறையற்றதெனப் புனைந்துரைப்பது திறனாய்வாகாது. கேட்டனர் என்பது பெருமைக்குரியதே. கேட்க மட்டுமே முடிந்தது என்பது அநீதியின் விளைவு. தோட்டப் பிள்ளைகளின் கல்வி குறித்து 1907ஆம் ஆண்டிலும் 1920ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. நடைமுறையிற் பல தோட்டங்களிற் பள்ளி என்பது ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டிலுமாகவே இருந்தது. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி நிலைபெற்றபோதும் தோட்டப் பள்ளிகள் அதன் பயனை முழுமையாகப் பெறவில்லை. அவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேயே. அங்கரின் சிறுவனுக்கு 1874இற் கிட்டிய உரிமை, மலையகச் சிறுவனுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னரே கிட்டிற்று.

கேட்கும் கூட்டத்தின் உள்ளமைப்பையும் மறத்தலாகாது. படிப்பவர் பெரும்பாலும் எழுத்துக்கு வாய்ப்புப் பெற்றவர். கங்காணியோ கணக்கப்பிள்ளையோ அவர்தம் உறவினரோ ஆதல் இயல்பு. பகலிற் பெயர் அழைத்த குரலே இரவிற் புராணம் படித்ததெனின், கேட்டோர் மனத்தில் இரு அதிகாரங்களும் ஒன்றிக் கலந்திருத்தல் இயல்பே. யார் எங்கு அமரலாம் என்பதைச் சாதி வகுத்தது. வில்கியின் ஓவியத்திலும் தந்தையே வாசிக்கின்றான், பெண்கள் கேட்கின்றனர். தோட்டத்துப் பெண்ணுக்கோ கேட்கும் நேரமும் அரிது. மலையில் நாள் முழுதும் நின்று திரும்பியபின் அடுப்பும் பிள்ளையும் அவளுக்காகக் காத்திருந்தன. ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராவின் உட்புறத்திலிருந்து, புகைக்கிடையே, பாதி வேலையும் பாதிச் செவியுமாக அவள் கேட்ட பாரதம் எத்தகையதாக இருந்திருக்கும் என்பது தனியாய்வுக்குரியது.

முதுமையின் நிலையும் வேறானது. பவேரியக் கிராமத்து மூதாட்டிக்கு வீடும் ஆலய இருக்கையும் உரியனவாக இருந்தன. தோட்டத்தில் வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. செக்ரோலிலிருந்து பெயர் நீங்கிய முதியவர், மகனோ மகளோ பெயர்ப்பதிவில் இருந்தாலன்றித் தலைசாய்க்கும் இடத்துக்கும் உரிமையற்றவரானார். மூதாட்டியர் பலர்க்கு முதுமை ஓய்வாக வாராது பிள்ளை மடுவத்தின் பொறுப்பாக வந்தது. ஆயினும் அப்பிள்ளை மடுவமே கதையும் தாலாட்டும் அடுத்த தலைமுறைக்குச் சென்ற வழியாயிற்று. ஐரோப்பிய ஓவியத்தில் முதியவர் நூலிலிருந்து பெறுபவர். மலையகத்தில் முதியவரே நூலாக இருந்து அளித்தவர்.

செவியிலிருந்து எழுத்துக்கு

இவ்வழி வந்த செல்வம் எழுத்தில் ஏறிய வரலாற்றுடன் தலவாக்கலைக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. 1914இல் இப்பகுதியின் மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானார். அடுத்த ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவரைத் தெரிவுசெய்த மக்களையே நாடற்றவராக்கிற்று. ஆங்கிலத்திற் கவிதை எழுதிய அவர், மறுபுறம் முதியோர் நினைவிலிருந்த பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் தொகுப்பு "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என நூலாயிற்று. வாக்குரிமை இழந்த சமுதாயத்தின் வாக்கினைப் பதிவுசெய்த பணி அது. அவருக்கு முன்னரே கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையும் தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கிச் சிறு நூல்களாக அச்சிட்டுப் பரப்பினர். மீனாட்சி அம்மையின் இலங்கை வாழ் இந்தியர் நிலைமை பற்றிய பாடல் நூல் 1940இல் வெளிவந்தது. பாரதம் கேட்டுப் பழகிய செவி இருந்தமையினாலேயே இப்பாடல்களுக்கும் ஒரு சபை இருந்தது. ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் ஏற்பாடு மாறவில்லை, பொருள் மாறிற்று. ஈஸ்ட்மன் ஜோன்சனின் ஓவியத்தில் வாசிப்பு உரிமையின் அறிவிப்பானதை ஒத்த திருப்பம் மலையகத்திற் கேள்வியின் வழியே நிகழ்ந்தது.

முடிவாக நோக்குமிடத்து, முதியோர் மறைநூல் வாசிக்கும் ஓவியங்களின் கலைப்பெறுமானம் எவ்வகையிலும் குறைவதில்லை. றெம்பிரான்டின் மூதாட்டியின் கை, நூலைத் தொடும் முதுமை எங்குளதோ அங்கெல்லாம் பேசும். ஆயின் அவற்றை முதுமைக்கும் அறிவுக்கும் உரிய பொது அளவுகோலாகக் கொள்ளலாகாது. எந்த ஒளியில், எந்த வேலைக்குப் பின், யார் வாசிக்க யார் கேட்கின்றனர் என்னும் வினாக்களை ஒவ்வொரு படத்திடமும் கேட்டல் வேண்டும். படம் இல்லாத இடத்திடமும் அவ்வினாக்களைக் கேட்டல் வேண்டும். மலையகத்து மாணவர் பல்கலைக்கழகங்களிற் பயிலும் இக்காலத்தில் இப்பணி அவர்களையே சாரும். நூலகத்தில் ஐரோப்பிய ஓவியத் தொகுதியைப் புரட்டும் கையும், பாட்டியிடம் அல்லி கதையைக் கேட்ட செவியும் ஒருவரிடமே கூடியிருக்கும் வாய்ப்பு முந்திய தலைமுறைக்கு இருந்ததில்லை. கதை சொல்லும் முதியோர் குறைந்துவருதலின், பிந்திய தலைமுறைக்கும் அது எளிதில் வாய்க்கப்போவதில்லை. பெயரும் ஊரும் தோட்டமும் குறித்து, அவர்கள் கேட்டதையும் கேட்ட முறையையும் பதிவுசெய்தல் ஓவியத்திற்கும் திறனாய்விற்கும் முற்பட்ட கடமையாகும்.